ஃபேக்ஸ் சேவை திரும்பியது

கணினித் திரையில் இருந்த சேவைகளின் பட்டியலில் ஃபேக்ஸ் இல்லை என்பதில் வார்விக் பெட்டிஃபருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. பழைய மென்பொருளின் மேல் புதிய பதிப்பை ஏற்றினால் அலுவலக மெயிலும் ஃபேக்ஸும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். போர்ட் அகஸ்டாவில் இருக்கும் அலுவலகத்திலிருந்து வடக்கே எந்த ஊருக்குப் போனாலும் அவன் செய்கிற வேலையில் பாதி இதுதான். பழைய குறுந்தகட்டைப் போட்டு, விட்டுப்போன கோப்புகளை எடுத்து, சேவைகளின் பெயர்கள் எழுதியிருக்கும் ஒரு சின்னக் கோப்பில் நாலு வரி சேர்த்தால் முடிந்தது. குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால் குரங்கும் செய்யும், இந்த ஊர்க்காரர்கள் செய்யமாட்டார்கள் என்பது அவனுடைய கருத்து.

அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தபோதுதான் அவன் கை நின்றது. மெயிலுக்கான வரிகள் வழக்கம்போல மொத்தமாகப் போயிருந்தன. ஃபேக்ஸுக்கான வரிகள் அப்படிப் போகவில்லை. யாரோ ஒவ்வொரு எழுத்தாக அழித்திருந்தார்கள். அழித்தது போதாதென்று அந்த இடம் முழுக்கக் கோடுகளாக அடித்து நிரப்பியிருந்தார்கள், பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய கெட்ட வார்த்தையைக் கரியால் தேய்த்து மறைப்பதுபோல.

“இதுல யாராவது கை வெச்சாங்களா?” என்றான் திரும்பாமலே.

“தூசி தொடைக்கறதோட சரி, கண்ணு,” என்றாள் நோலீன்.

அந்தச் சுரங்கக் கருவிக் கடையின் கணக்கையும் கல்லாவையும் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஐம்பதைத் தாண்டிய, வெயிலில் பொரிந்துபோன முகம். காலையிலிருந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து புகையிலைத் தாளைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள், ஒன்றையும் பற்றவைக்கவில்லை. இப்படிப்பட்ட பெண்களை வார்விக்குக்கு நன்றாகத் தெரியும். திரையில் ஒரு கேள்வி வந்தால் படிக்காமலே ‘சரி’ அழுத்துவார்கள், பிறகு கணினி தானாகக் கெட்டுவிட்டது என்பார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூட எழுத்தரிடம் இதைச் சற்று விளக்கமாகவே சொன்னான். அவள் அழுதுவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி எச்சரித்திருந்தார். அதனால்தான் இன்று அவன் வாயை அடக்கிக்கொண்டிருந்தான். மனதை அடக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே நாற்பத்தாறு டிகிரி. ஓப்பல் என்கிற ரத்தினக்கல்லைத் தோண்டுகிற ஊர் என்பதால், கடையும் வீடுபோலவே குன்றின் வயிற்றுக்குள் குடையப்பட்டிருந்தது. முன்பக்கம் துளையிடும் கருவிகள், வாளிகள், வெடிமருந்துக்கான இரும்பு அலமாரி. அங்கிருந்து ஒரு நடைவழி உள்ளே போகும். அதன் கடைசியில் இந்த அலுவலகம். மத்தியானம் என்பதற்கான அடையாளம் எதுவும் இங்கே வராது. குழல்விளக்கின் மெல்லிய இரைச்சல், காற்றுக்குழாயில் எப்போதாவது உருளும் மணல், கல்லின் குளிர்ந்த வாசனை, அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, ஈரமான காசைக் கைக்குள் வெகுநேரம் பொத்திவைத்துப் பிறகு விரித்தால் வருமே, அதுபோல.

நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைக்காரர் லெஸ் மல்ஹெர்ன் தொப்பையை முன்னே விட்டுப் பின்னால் வந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, காதுமடலிலும் செம்மண்.

“என்னப்பா பட்டணத்துத் தம்பி, காலையிலேர்ந்து பெட்டியப் பாத்துட்டே உக்காந்திருக்க? முட்டை போடுமா அது?”

“போடாது. மூளை இருக்கறவங்க தொட்டா வேலை செய்யும்.”

லெஸ் சிரித்தார். “அப்போ இங்க கஷ்டந்தான். நோலீன்தான் தொடுறா. பாரு தம்பி, ஹாங்காங்ல என்கிட்ட கல்லு வாங்கறவன் ஃபேக்ஸ்லதான் பேசுவான். மெயில்னா அவனுக்கு ஆகாது. நான் பதில் சொல்லலைன்னு இப்போ அடுத்த தெருக்காரன்கிட்ட வாங்குறான். இந்த அம்மாவக் கேட்டா, ‘ஏறமாட்டேங்குது லெஸ், ஏறமாட்டேங்குது’ன்னு ஒரே பாட்டு.”

“அது வேணாம் லெஸ்,” என்றாள் நோலீன். “மெயில மட்டும் சரிபண்ணிட்டுப் போகட்டும்.”

கம்பளத்தில் ஒன்றுக்குப் போன நாயைப் பார்ப்பதுபோல லெஸ் அவளைப் பார்த்தார். “மறுபடியும் அத ஆரம்பிக்காத. போன கோடையோட முடிஞ்சுது.” பிறகு வார்விக்கின் தோளில் தட்டினார். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு. நான் பீர் குடிக்கப் போறேன். இவ ஏதாவது கதை சொன்னா காதுல வாங்காத.”

செருப்புச் சத்தம் தேய்ந்தது. வெளிக்கதவு திறந்தபோது ஒரு கீற்று வெளிச்சம் நடைவழி முழுக்க ஓடிவந்து, அலுவலக வாசலைத் தொடும் முன் அணைந்தது.

வார்விக் வேலையைத் தொடங்கினான். குறுந்தகடு சுழன்றது. கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. மோடத்திலிருந்து கிளம்பிய தொலைபேசிக் கம்பியைச் சரிபார்க்க மேசைக்கு அடியில் குனிந்தபோது, அது ஒரு சிறு பெட்டியில் இரண்டாகப் பிரிவதைக் கண்டான். ஒன்று கூரையோடு கூரையாக வெளியே போனது. மற்றது மேசைக்குப் பின்னால் இருந்த சுவருக்குள் போனது.

அந்தச் சுவரை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். மற்ற மூன்று சுவர்களும் இளஞ்சிவப்புப் பாறை, குடையும் இயந்திரத்தின் வட்ட வட்டமான பல்தடங்களோடு. இது மட்டும் சிமெண்ட். அவசரத்தில் பூசியது, மட்டமான வேலை. கரணையின் தழும்புகள் அப்படியே இருந்தன.

“இதுக்குப் பின்னாடி என்ன?”

“ஒரு ரூம் இருந்துச்சு. கூரை எறங்கிடுச்சு.”

“இந்தக் கம்பி?”

“பழைய ஃபேக்ஸ் மெஷின். கண்ணாடித் தட்டு வெச்சது, பெருசு. அது அங்கதான் இருந்துச்சு.”

வார்விக் உதட்டைச் சுழித்தான். ஊர் எல்லைக்குள் ஓப்பல் தோண்டக்கூடாது, ஆனால் வீட்டுக்கு அறை கூட்டிக்கொள்ளலாம். அறை கூட்டுகிற சாக்கில் கல்லைத் தேடலாம் என்பதால் இந்த ஊரில் யாருக்குமே அறை போதுவதில்லை. தனியாக வாழும் கிழவனுக்கும் ஏழெட்டுப் படுக்கையறை. எவனோ கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் அறை கூட்டியிருக்கிறான், மலை தலையில் இறங்கியிருக்கிறது. நல்ல பாடம்.

நாலு வரிகளைச் சேர்த்துச் சேமித்தான். மென்பொருளை மூடித் திறந்தான். மெயில் வந்தது. அதற்குக் கீழே, சமர்த்தாக, ஃபேக்ஸ். ‘அழைப்பை எடுக்கவா?’ என்று கேட்டது. அவன் ‘ஆம்’ கொடுத்தான்.

நோலீன் கையிலிருந்த தாளைக் கசக்கினாள். “மெயிலு வந்துடுச்சில்ல? போதும் கண்ணு. இத எடுத்துடு. லெஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“ஒரு சோதனை ஃபேக்ஸ் வரணும். அப்பறம் கையெழுத்துப் போடுங்க, நான் கெளம்பறேன்.”

கடையின் பேச்சுத் தொலைபேசி வேறு இணைப்பு. அதில் தன் அலுவலகத்தை அழைத்தான். ஃபேக்ஸில் தாள் தீர்ந்துவிட்டது, போட்டுவிட்டு அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு என்றாள் அங்கிருந்த பெண். அவன் ரிசீவரை வைப்பதற்குள் மோடம் எடுத்துவிட்டது.

மணி அடிக்கவில்லை. அதை அவன் பிற்பாடுதான் யோசித்தான். அந்த நேரத்தில் கேட்டது மோடத்தின் கீச்சொலியும் அதற்குப் பதிலாக மறுமுனையின் கீச்சொலியும்தான். அந்த மறுமுனைக் குரலில் ஏதோ அடைத்திருந்தது, சளி கட்டிய தொண்டைபோல. திரையில் ஒரு கட்டம் தோன்றி, பக்கம் வருகிறது என்றது.

முதல் பக்கம் கறுப்பு. முழுக்க முழுக்க. ஓரங்களில் மட்டும் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறம்.

“கழுதை,” என்றான் வார்விக், தாள் போடத் தெரியாத தன் அலுவலகப் பெண்ணை நினைத்து. பிறகு பக்கத்தின் தலைப்பைப் படித்தான். அனுப்பியவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. மல்ஹெர்ன் சுரங்கக் கருவிகள். இந்தக் கடையின் பெயர். கீழே இந்தக் கடையின் எண்.

அவன் சிரித்தான். பழைய அமைப்பில் எவனோ சொந்த எண்ணையே தப்பான இடத்தில் போட்டுவைத்திருக்கிறான், கணினி தனக்குத் தானே அனுப்பிக்கொள்கிறது. இதையும் சரிசெய்யவேண்டும், இதற்கும் இந்த ஊர் அவனுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. அமைப்பைத் திறந்து பார்த்தான். சொந்த எண் எங்கேயும் போடப்படவில்லை. எல்லாக் கட்டங்களும் காலி.

இரண்டாவது பக்கம் வந்தது.

மேலிருந்து கீழாக, வரி வரியாக அது திரையில் இறங்கியது. முதலில் நான்கு வெள்ளைத் திட்டுகள். பிறகு அவற்றின் கீழே நீண்ட சாம்பல் தண்டுகள், பிறகு அகன்ற ஒரு பரப்பு, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கண்ணாடியில் அழுத்தி வைத்த உள்ளங்கை. ரேகைகளுக்குள் மண் அடைத்திருந்தது.

“யாரு இது?” என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. “உங்க ஊர்ல இதுதான் தமாஷா? யாரு விளையாடறது?”

நோலீன் திரையைப் பார்க்கவில்லை. கசக்கிய தாளை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

“விங்கோ,” என்றாள்.

“எந்த விங்கோ?”

“குரோஷியாக்காரன். லெஸ்ஸுக்குத் தோண்டிக் குடுத்தான். கணக்குல காட்டாத ஆளு. அவன் வந்ததே யாருக்கும் தெரியாது, போனாலும் யாரும் கேக்கமாட்டாங்க. அந்த மாதிரி ஆளுங்கள லெஸ் பாத்துப் பொறுக்குவான்.” அவள் சிமெண்ட் சுவரைத் தாடையால் காட்டினாள். “கூரை எறங்கினப்போ அவன் உள்ள இருந்தான். கூரை முழுசா எறங்கல, வாசப்பக்கம் மட்டும். ஃபேக்ஸ் மெஷினும் அந்தப் பக்கமே மாட்டிக்கிச்சு. இருட்டுல தடவித் தடவி ஒரு பட்டன அமுக்கியிருக்கான் பாவி. பேசற ஃபோன் இல்லையே. கைய வெச்சு அமுக்கினான். இங்க வந்துச்சு.”

வார்விக் அவள் பக்கம் திரும்பினான். “போலீஸ்?”

“திருட்டுத்தனமா தோண்டினது. போலீஸ் வந்தா லைசன்ஸ் போகும், கடை போகும். லெஸ் பாத்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும்னான். அவனே சிமெண்ட் கலக்கினான்.” அவள் அதைச் சொன்ன தொனியில் துக்கம் இல்லை. எச்சில் துப்புவதுபோல இருந்தது. “நான் டீ போட்டுக் குடுத்தேன்.”

மூன்றாவது பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது.

இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம். வெயில், தனிமை, மலிவான மது, எல்லாம் சேர்ந்து மூளையைத் தின்றிருக்கிறது. வார்விக் இந்த முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒரே கம்பியில் இருக்கிற இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அழைக்க முடியாது. அது இயலவே இயலாது. தவிர அந்த அறைக்கு மின்சாரம் ஏது? இதை அவன் வாய்விட்டே கேட்டான்.

“இல்ல. அந்த ஃபியூஸ நான்தான் புடுங்கினேன், அன்னிக்கே. நின்னுடும்னு நெனச்சேன்.” நோலீன் முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தாள். “நிக்கல. தெனமும் வந்துச்சு. வாரக்கணக்கா. அப்பறந்தான் இதுக்குள்ள போயி எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் அழிச்சேன். இந்தப் பக்கம் யாரும் எடுக்கலைன்னா விட்டுடுவான்னு பாத்தேன். இப்போ நீ எடுத்துட்ட.”

மூன்றாவது பக்கம் முடிந்தது. ஒரு பக்கவாட்டு முகம். கண்ணாடியில் நசுங்கிய காது, மூடிய இமை. இமைமயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. தூங்குகிறவன் தலையணையில் சாய்வதுபோல அது சாய்ந்திருந்தது. காது இந்தப் பக்கம். கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

இணைப்பு அறுந்தது. மோடம் அடங்கியது.

வார்விக் எழுந்தான். அவன் செய்தது தைரியம் அல்ல, ஆணவம். இந்தப் பெண் சொல்வது பொய் என்று இவளுக்கே காட்டிவிடவேண்டும் என்ற வெறி. மேசையைச் சுற்றிப் போய், கம்பி நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் சுவரில் காதை வைத்தான். குளிர்ந்திருந்தது. அந்த ஈரக்காசு வாசனை இங்கே அடர்த்தியாக இருந்தது. தன் இரத்தம் காதுக்குள் இரைவதைக் கேட்டான். கல்லின் மௌனத்தைக் கேட்டான். மௌனம். மௌனம்.

பிறகு, வெகு அருகில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தான் அழுந்தியது.

மெல்லிய ஓர் ஒலி. அடுத்த எண்ணுக்கு வேறொரு ஒலி. அடுத்து இன்னொன்று. அவசரமே இல்லாமல், ஒரு விரல் எண்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்தியது. கடைசி எண் ஒலித்து முடிந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், மேசைமேல், மோடம் எடுத்தது.

வார்விக் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்வாங்கினான். நாற்காலி விழுந்தது. நோலீன் எழுந்து நின்றிருந்தாள், கைப்பை தோளில்.

“எத்தனை மாசம் அடிச்சிருப்பான்,” என்றாள். “எடுக்க ஆளே இல்ல. இப்போ இந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கெட்டிக்காரன் கண்ணு நீ. நல்லா வேலை செய்யுது.”

“நில்லுங்க,” என்றான். “இத நிறுத்திடறேன். ஒரு நிமிஷம். நிறுத்திடுவேன்.”

அவன் சேவைகளின் பட்டியலைத் திறந்தான். ஃபேக்ஸைத் தேர்ந்தான். நீக்கு. பக்கம் வந்துகொண்டிருக்கிறது, முடியும்வரை காத்திருக்கவும் என்றது திரை. மறுபடி அழுத்தினான். காத்திருக்கவும். குனிந்து கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கினான். கம்பி கையோடு வந்தது. மோடம் பாடிக்கொண்டே இருந்தது.

பக்கம் இறங்கியது. வெள்ளை. இன்னும் வெள்ளை. அடிவரை வெள்ளை. கை இல்லை, முகம் இல்லை, ஒரு துளி மண் இல்லை. சுத்தமான வெற்றுத் தாள்.

ஒரு கணம் அவனுக்கு மூச்சு வந்தது. “பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. காலி.”

நோலீன் வாசலில் இருந்து திரையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெயில் நிறம் இறங்கிப்போயிற்று.

“மெஷினோட மூடி தெறந்திருந்தா பக்கம் கறுப்பா வரும்,” என்றாள். “இது மூடியிருக்கு. மெஷின மூடிவெச்சிட்டு எந்திரிச்சிட்டான்.”

அவள் ஓடவில்லை. நடந்தாள். நடைவழியில் அவளுடைய காலடி ஒரே சீராகப் போனது. வெளிக்கதவு திறந்தது. வெளிச்சம் ஓடிவந்தது. வாசலைத் தொடும் முன் அணைந்தது. கதவு மூடிய சத்தம்.

போ, என்று வார்விக் தன் கால்களிடம் சொன்னான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை. கல்லில் ஊன்றிய முளைகள்போல நின்றன. திரையில் ஃபேக்ஸ் என்ற சொல் பட்டியலில் அப்படியே இருந்தது.

பேச்சுத் தொலைபேசி அடித்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து அந்தப் பெண்ணாக இருக்கும். தாள் போட்டாயிற்று, அனுப்பவா என்று கேட்பாள். அடித்தது. அடித்தது. எடுக்கக் கை நீளவில்லை.

நின்றது.

அந்த அமைதியில் அரிசி சிந்துவதுபோல ஒரு சத்தம்.

சிமெண்ட்.

கம்பி நுழையும் துளையிலிருந்து பொடி உதிர்ந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி உதிர்ந்தது. ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. துளை ஒரு நாணயம் அளவு ஆனது. அதற்குள் இருட்டு. பிறகு இருட்டு இல்லை. அங்கே ஏதோ வந்து அடைத்துக்கொண்டது.

ஒரு விரல்.

சாம்பல் நிறம். நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் எலும்பின் நுனி, சுண்ணாம்புக் கட்டிபோலத் தேய்ந்து வழவழத்திருந்தது. அது அசையாமல் சற்று நேரம் வெளிச்சத்தில் இருந்தது. பிறகு கம்பியைத் தொட்டது. தொட்டதும் நடுங்கியது, மகிழ்ந்ததுபோல. அதன் பின்னால் இரண்டாவது விரல். மூன்றாவது.

கம்பியின் மறுமுனை இன்னும் வார்விக்கின் கையில்தான் இருந்தது. அவன் விரல்கள் அதை விடவில்லை. அந்தப் பக்கத்துக் கை கம்பியை மென்மையாகப் பற்றிக்கொண்டது. பிறகு, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பவனின் பொறுமையோடு, ஒரு பிடி, அடுத்த பிடி, அடுத்த பிடி என்று, உள்ளே இழுக்கத் தொடங்கியது.